இல்லாத இருபத்தொன்றாம் வண்டி

“போனை டப்பாவுல போடுங்க.”

மாடிக் கதவைத் திறந்ததும் ஓவியாவின் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். வாங்க என்றும் இல்லை, உட்காருங்க என்றும் இல்லை. கையில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே ஏற்கெனவே இரண்டு போன்கள் கிடந்தன.

தாட்சாயிணி மறுபேச்சில்லாமல் தன் போனைப் போட்டாள். மணிவேலும் போட்டான். போட்ட கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“வேண்டுதல் எதுனா மனசுல நெனைச்சுக்கணுமா?”

ஓவியா சிரிக்கவில்லை. டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். பூட்டியது சரிதானா என்று இழுத்தும் பார்த்தாள்.

மணிவேல் பத்து வருடம் வேலூர் ரூட்டில் கண்டக்டராக இருந்தவன். அறுபது பேர் நெரிசலில் டிக்கெட் எடுக்காத ஒருத்தனை மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவான். அந்தத் திறமைக்காகத்தான் தாட்சாயிணி அவனை மூன்று வருடம் முன்பு தன்னோடு சேர்த்துக்கொண்டாள். அவள் அதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினேழு வருடம் விசாரணை அதிகாரி. எரிந்த வைக்கோல்போரைப் பார்த்து, எரித்தவன் சொந்தக்காரனா பகையாளியா என்று சொல்லக்கூடியவள். இப்போது திருவண்ணாமலையில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். நிலையம் என்றால் ஒரு மேசை, ஒரு ஸ்கூட்டர், ஒரு மணிவேல்.

ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது அந்த அறை. கீழே வாடகை சைக்கிள் கடை. மேலே மூன்று மேசை, நாலு கம்ப்யூட்டர், சுவரில் ஆள் உயர டிவி ஒன்று. கம்ப்யூட்டர்களின் கேமரா ஓட்டை ஒவ்வொன்றிலும் பேண்டேஜ் ஒட்டியிருந்தது. வெக்கை தாங்காமல் ஜன்னலை மட்டும் அகலத் திறந்து வைத்திருந்தார்கள்.

மூலை மேசையில் சிவராம் உட்கார்ந்திருந்தான். ஓவியாவின் கூட்டாளி, கணினி நிரல் எழுதுகிறவன். வந்தவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாவது மேசை காலி. அதன்மேல் பென்சிலால் வரைந்த ஆட்டுப் படங்கள் கிடந்தன.

“அது யாரோட எடம்?” என்று தாட்சாயிணி கேட்டாள்.

“தமிழ்செல்வியோடது. எங்க ஓவியர். அவதான் திருடி.” ஓவியா அந்தப் படங்களைக் கவிழ்த்து வைத்தாள். “திங்கக்கிழமை வெளிய அனுப்பிட்டேன். எனக்குத் தெரியும் அவதான்னு. ஆனா நிரூபிக்கணும். இன்னிக்கு நாலு மணிக்குள்ள.”

விஷயம் இதுதான். மூன்று வருடமாக இவர்கள் மூன்று பேரும் ஒரு வீடியோ விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். பெயர் ‘சந்து பொந்து’. குட்டி வண்டிகளில் ஏறி, ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளி முந்தும் பந்தயம். ஓட்டுகிறவர்கள் எல்லாம் இந்த ஊர் ஆட்கள்: டீ மாஸ்டர், பூக்காரம்மா, லாட்ஜ் மேனேஜர், கடைசியாக ஒரு கறுப்பு ஆடு. தீபத்துக்கு முந்தின வாரம் உலகத்துக்கு அறிவிப்பதாக ஏற்பாடு. வெளியிடப்போவது பெங்களூர் நிறுவனம். அவர்களுக்கே ஒப்பந்தத்தின்போது காட்டியது மலையைச் சுற்றும் பாதை ஒன்றும் வண்டி இரண்டும்தான். மற்றதெல்லாம் பரம ரகசியம்.

திங்கட்கிழமை காலை அந்த ரகசியத்தில் ஏழு, யாரோ முகம் காட்டாத ஒருவரின் இணையச் சானலில் வரிசையாக வந்துவிட்டது.

தாட்சாயிணி அதை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“ஒண்ணு. மழை வந்தா சந்துல தண்ணி தேங்கி வண்டியெல்லாம் பரிசலா மாறிடும். சரியா?”

“சரி.”

“ரெண்டு. பூமாலையை வீசி முன்னாடி போற வண்டியைக் கட்டி இழுக்கலாம். மூணு. டீ மாஸ்டர் பாய்லரைத் தொறந்தா ஆவி பீறிட்டு வேகம் ஜாஸ்தியாகும்.”

“ரெண்டும் சரி.”

“நாலு. பனிக்கட்டி குண்டு. வெடிச்சா திரையெல்லாம் வெள்ளையாயிடும்.”

“தப்பு. அது பனி இல்ல, பொரி மூட்டை. மூட்டை மேலயே பெருசா ‘பொரி’ன்னு எழுதியிருக்கே! நம்ம ஊர்ல பனிக்கட்டிக்கு எங்க போறது?”

“அஞ்சு. மலைப் பாதையை எதிர்ப்பக்கமாவும் சுத்தலாம். மலை இந்தத் தடவை இடது கைப் பக்கம் வரும்.”

ஓவியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “மலையை இடமா சுத்துறதா? அப்பறம் நான் இந்த ஊர்ல நடமாட வேணாமா? வண்டியைத் திருப்பினா எஞ்சின் நின்னுடற மாதிரி பண்ணியிருக்கோம்.”

“ஆறு. கறுப்பு ஆடு ஓட்டுற வண்டிக்கு நம்பர் இருபத்தொண்ணு.”

“பதினஞ்சு. பாருங்க.” ஓவியா டிவியில் வண்டியைக் காட்டினாள். பின்பக்கத்தில், பஸ்ஸில் மணி காட்டுகிற சிவப்பு விளக்கு எழுத்தில் 15 என்று எரிந்தது. “மொத்தமே பதினாறு வண்டி. இருபத்தொண்ணு எங்கேர்ந்து வரும்?”

“ஏழு. ஆடு ஓடுற வண்டியிலேர்ந்து எகிறிக் குதிச்சு, முன்வண்டியில தொங்குற மாலையைத் தின்னுட்டுத் திரும்ப வந்து ஏறிக்கும்.”

ஓவியா தாளில் அந்த ஏழாவது வரியை விரலால் தொட்டாள்.

“அதான்,” என்றாள் ஓவியா. “அது சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத்தான் முதல் தடவையா ஓடுச்சு. இந்த ரூம்ல தமிழ்செல்வியும் சிவராமும் மட்டும்தான் இருந்தாங்க. நான் சென்னையில. ஞாயித்துக்கிழமை யாரும் வரல. அப்பறம் அது எப்படி வெளிய போச்சு? சிவராம் இதுல பங்குதாரர், அவருக்கும் சேத்துத்தான் நஷ்டம். அவ சென்னையில வேற கம்பெனிக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா. அவ ஸ்கிரீன்ல சிவராமே பாத்திருக்காரு.”

சிவராம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மணிவேல் அவன் மூஞ்சியையே பார்த்தான். சந்தேகமே இல்லை, அது டிக்கெட் எடுக்காத மூஞ்சி.

“மூணு தப்பு இருக்கே இதுல?” என்று தாட்சாயிணி கேட்டாள்.

“வேணும்னே மாத்தியிருக்கா. நம்ம ஆள்தான்னு தெரியக்கூடாதுன்னு.”

“ம்.” தாட்சாயிணி கண்ணாடியைக் கழற்றினாள். “ஒப்பந்தத்தைக் கொஞ்சம் தர்றீங்களா?”

இருபது பக்கத்தையும் எழுத்து விடாமல் படித்தாள். ஒரு பக்கத்தின் மூலையை மட்டும் மடித்தாள்.

“நாலு மணிக்கு யார்கிட்ட பேசணும்?”

“பெங்களூர்ல பிரசாத் சார். நல்ல மனுஷன். யார் செஞ்சாங்கன்னு பேரை மட்டும் எழுதிக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்னாரு. குடுக்கலன்னா மேலிடத்துல ஒப்பந்தத்தையே கிழிச்சிடுவாங்களாம்.”

“இந்த ரூமுக்குள்ள வெளியாள் யாராவது வந்திருக்காங்களா?”

“கூட்டிப் பெருக்குறதுகூட நாங்கதான். ஆறு மாசம் முன்னாடி ஒப்பந்தம் போட்ட அன்னிக்கு பிரசாத் சார் வந்தாரு, அவ்வளவுதான்.”

டப்பாவிலிருந்து போன்களை மீட்டுக்கொண்டு இருவரும் கீழே இறங்கினார்கள்.

சாலை ஓரத்து டீக்கடையில் கூட்டம் கம்மி. ஜடாமுடி வெள்ளைக்காரர் ஒருவர் மட்டும் சுக்கு காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். மணிவேல் பெஞ்சில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான்.

“சிவராம்தான் மேடம். எழுதிக் குடுக்கறேன். நம்மளப் பாத்ததும் தலையக் கவுத்தான் பாருங்க. செக்கிங் ஏறினா சீட்டுக்கு அடியில செருப்பைத் தேடுவானுங்களே, அதே மாதிரி.”

“பங்குதாரர் தன் வீட்டுக்கே தீ வெப்பாரா?”

“நீங்கதான சொன்னீங்க, பாதி வைக்கோல்போரு சொந்தக்காரனே கொளுத்தினதுன்னு?”

“அதுக்கு இன்ஷூரன்ஸ் இருந்துச்சு. இவருக்கு என்ன இருக்கு?” தாட்சாயிணி அச்செடுத்த தாளை மடிமேல் விரித்தாள். “எனக்கு இடிக்கிறது அந்த மூணு தப்புதான். மறைக்கணும்னு நெனைக்கிறவ ஆட்டை மாடுன்னு மாத்தியிருப்பா. ஏழாவதை எழுதாமயே விட்டிருப்பா. இது வேணும்னு செஞ்ச தப்பா தெரியல. கண்ணால பாத்தவன் செஞ்ச தப்பு. ஆனா மூட்டையைப் பாத்தவன் அதுமேல இருக்கற எழுத்தை எப்படிப் படிக்காம விட்டான்?”

“தமிழ் படிக்கத் தெரியாதவனா இருக்கும்.”

“அந்தச் சானல்ல வந்ததே தமிழ்லதான்.”

“அப்ப தமிழ் வாத்தியாரா இருக்கும்.”

அவள் அதைக் கவனிக்கவில்லை. மணிவேல் டீயை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான். எதிர்ச்சுவரில் பழைய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. இந்தக் கடை முன்பு முடிவெட்டும் கடையாக இருந்தபோது மாட்டியது போலிருக்கிறது.

“சரி மேடம், சீக்கிரம் வீட்டுக்குப் போலாம். பகல்னு நெனைச்சிட்டு உக்காந்திருக்கோம். மணி இருபத்தொண்ணு அம்பத்தொண்ணு. ரயில்வே கணக்குல ராத்திரி பத்தாகப் போவுது.”

“என்னது?”

“அதோ, கண்ணாடியில பாருங்க.”

தாட்சாயிணி கண்ணாடியைப் பார்த்தாள். அதில் சிவப்பு எழுத்தில் 21:51 என்று தெரிந்தது. திரும்பித் தலைக்குமேல் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த விளக்குக் கடிகாரத்தில் மணி 12:15.

டீ கிளாஸ் அவள் உதட்டருகிலேயே நின்றது. கண்ணாடியை ஒரு தரம் பார்த்தாள். கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தாள்.

“மணிவேல்,” என்றாள் மெதுவாக. “கடைசி ரெண்டு எழுத்தைப் பாருங்க. பதினஞ்சு. கண்ணாடியில அது என்ன?”

மணிவேல் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது. “இருபத்தொண்ணு.”

“எழுத்தெல்லாம் திரும்பியிருந்தா மூட்டைமேல இருக்கற ‘பொரி’யைப் படிக்க முடியுமா? வலது பக்கம் இருக்க வேண்டிய மலை எந்தப் பக்கம் தெரியும்? மூணு தப்பு இல்ல. ஒரே தப்பு. இவன் விளையாட்டையே பாக்கல, கண்ணாடியில விழுந்த விளையாட்டைப் பாத்திருக்கான்!”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். மணிவேல் தன்னுடையதை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு, நாக்கு சுட, பின்னாலேயே ஓடினான்.

மறுபடி மாடி. மறுபடி பிஸ்கட் டப்பா. இந்த முறை தாட்சாயிணி யாரிடமும் எதுவும் பேசவில்லை. நேராகப் போய் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றாள். டிவி எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, அதை அவளும் பார்த்தாள்.

திறந்த ஜன்னல். அதற்கு அப்பால் எட்டடி சந்து. சந்துக்கு எதிரே இன்னொரு மாடி. அந்த மாடியின் நீளமான கூடத்தில், பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குள் குட்டியாக ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் தாட்சாயிணி, அவள் தோளுக்குப் பின்னால் டிவியின் நீல வெளிச்சம்.

மணிவேல் கையை ஆட்டினான். எதிரே கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு மணிவேல் பதிலுக்கு ஆட்டினான்.

“அந்த ஹால் யாரோடது?” என்று தாட்சாயிணி கேட்டாள்.

“டான்ஸ் கிளாஸ்,” என்றாள் ஓவியா குழப்பமாக. “கனகாம்பாள் டீச்சர். ஏன்?”

“ஒண்ணுமில்ல. சிவராம், அந்த ஜன்னலைச் சாத்திடுங்க.”

கனகாம்பாளுக்கு அறுபது வயதிருக்கும். கோயில் குருக்கள் வீட்டுப் பெண். ஹாலை ஒட்டிய சின்ன அறையிலேயே குடியிருந்தார். வந்தவர்கள் மாணவி சேர்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, “வாங்கோ, வாங்கோ. குழந்தைக்கு எத்தனை வயசு?” என்றார்.

“நாப்பது,” என்றான் மணிவேல். “நான்தான்.”

தாட்சாயிணி அவனை முழங்கையால் இடித்தாள். “சனிக்கிழமை சாயங்காலம் கிளாஸ் உண்டாங்க மாமி?”

“மூணரைலேர்ந்து அஞ்சு வரைக்கும். ஏன் கேக்கறேள்?”

“யாராவது வந்து வேடிக்கை பாத்தாங்களா?”

“யாரையும் உள்ள விடறதில்ல. குழந்தைகள் கவனம் கலைஞ்சுடும். வேணும்னா வீடியோ எடுத்து அனுப்பிடுவேன். எல்லாம் இந்தப் போன்தான்.”

தாட்சாயிணியும் மணிவேலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாசல் பக்கம் நட்டு வைத்த ஸ்டாண்டில் போனை மாட்டி, பின்சுவர்க் கண்ணாடியைப் பார்த்து எடுப்பாராம். குழந்தைகளின் முகமும் தெரியும், கண்ணாடியில் பின்னலும் தெரியும். சனிக்கிழமை வீடியோவைப் பெருமையோடு ஓடவிட்டார். தட்டுக்கழி சத்தம். “தை யா தை” என்று கனகாம்பாளின் குரல். பதினோரு குழந்தைகள் அரைமண்டியில் காலைத் தட்டின. அவர்கள் தலைக்குமேல், கண்ணாடியின் இடது மூலையில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெளிச்சம்.

மணிவேல் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினான். பரபரவென்று ஓடும் வண்டிகள். பின்பக்கத்தில் 21 என்ற சிவப்பு எண். அதிலிருந்து கறுப்பாக ஒன்று எகிறிக் குதித்தது.

“தை யா தை” என்றார் வீடியோவில் கனகாம்பாள். ஆடு மாலையைத் தின்றது.

“இதை யாருக்கெல்லாம் அனுப்புனீங்க?” தாட்சாயிணியின் குரலில் அவசரம் தெரியவில்லை.

“பெத்தவா பதினோரு பேருக்கும் இத்துனூண்டு வெட்டி அனுப்புவேன். முழுசா அனுப்பறது ஒருத்தருக்குத்தான். பெரிய ரசிகர். சென்னைவாசி. சக்கரபாணின்னு பேர். ஆறு மாசமா சனிக்கிழமை தவறாம கேட்டு வாங்கிப் பாக்கறார். என்ன ஞானம்கறேள்! கேமராவை நகத்தாதீங்கோ, அதே எடத்துல வையுங்கோ, அப்பதான் தாளம் புரியும்பார்.”

“நேர்ல பாத்திருக்கீங்களா?”

“இல்ல. போன்ல பேசறதோட சரி. அவர்தான் கூப்பிடுவார், நாம கூப்பிட்டா அந்த நம்பர் போகாது. ஆனா அந்தக் குரல் இருக்கே, தேன்.”

மணிவேலுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சென்னையில் சக்கரபாணியை எங்கே போய்த் தேடுவது? பேர் உண்மையோ பொய்யோ. ஆனால் தாட்சாயிணி எழுந்து கைகூப்பினாள்.

“நாலு மணிக்கு எதிர் மாடிக்கு ஒரு காபி சாப்பிட வர்றீங்களா மாமி? கட்டாயம் வரணும்.”

படியிறங்கும்போது மணிவேல் கேட்டான், “காபி எதுக்கு மேடம்?”

“கேக்கறதுக்கு,” என்று மட்டும் சொன்னாள்.

நாலு மணிக்கு டிவியில் பிரசாத்தின் முகம் வந்தது. நரை கலந்த தாடி, இஸ்திரி கலையாத சட்டை, கனிவான கண்கள். ஓவியா கம்ப்யூட்டர் கேமராவின் பேண்டேஜை உரித்துவிட்டு, எதிரே விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். “எந்தப் பேரையும் சொல்லாதீங்க, அவரைப் பேச விடுங்க” என்பதைத் தவிர தாட்சாயிணி அவளிடம் எதையும் சொல்லவில்லை. சிவராமிடம் மட்டும், எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொல்லியிருந்தாள். கேமராவுக்குத் தெரியாத மூலையில் கனகாம்பாள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஓவியா, எழுதி வெச்சிருக்கீங்களா?”

“சார்... இன்னும்...”

“பதறாதீங்கம்மா. எனக்குப் புரியுது, கூட வேலை பாத்த பொண்ணு. ‘எங்கள் ஊழியர் ஒருவர் மூலம் வெளியே சென்றது’ன்னு ஒரே ஒரு வரி. கீழ அவங்க பேரு. நிதானமா எழுதுங்க, அவசரமே இல்ல.”

மூலையில் டம்ளர் டபராவில் இடித்துக் கணீரென்றது.

“அடடே!” கனகாம்பாள் முகமெல்லாம் பூரிப்பாக எழுந்து வந்து, ஓவியாவின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். “சக்கரபாணி சாரா? குரல் கேட்ட மாதிரி இருக்கேன்னு பாத்தேன்! நமஸ்காரம். சனிக்கிழமை வீடியோ வந்துதோ? குழந்தைகள் எப்படி?”

“வந்துதும்மா, ரொம்பப் பிரமா...”

பழக்கதோஷத்தில் வந்த பேச்சு பாதியில் அறுந்தது. பிரசாத்தின் வாய் திறந்தபடியே நின்றது.

ஓவியா மெல்லத் திரும்பினாள். “மாமி... இவர் பேரு பிரசாத்.”

“எனக்குச் சக்கரபாணின்னாரே?”

தாட்சாயிணி அப்போதுதான் கேமராவுக்கு முன்னால் வந்தாள். கையில் மூலை மடித்த பக்கம்.

“வணக்கம் சார். பரதநாட்டியத்துல இவ்வளவு ஈடுபாடுன்னு தெரியாமப் போச்சு. இந்த ஒப்பந்தத்துல பதினேழாம் பக்கம் ஒண்ணு இருக்கு. ரகசியம் ஊழியர் மூலமா வெளிய போச்சுன்னு இவங்க எழுத்துல ஒத்துக்கிட்டா, விளையாட்டோட பேரும் மொத்த உரிமையும் உங்க நிறுவனத்துக்குப் போயிடும். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு தாளம் போட்டீங்களா?”

“நீங்க யாரு? இது என்ன அபாண்டம்...”

“ஆறு மாசம் முன்னாடி இந்த ஜன்னல்ல நின்னு அந்தக் கண்ணாடியைப் பாத்த வெளியாள் நீங்க ஒருத்தர்தான். டான்ஸ் வீடியோவுல அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்து, இணையத்துல போட இன்னொருத்தன்கிட்ட குடுத்திருக்கீங்க. அது கண்ணாடியில விழுந்ததுன்னு அவனுக்குத் தெரியாது. பனின்னும் இருபத்தொண்ணுன்னும் எழுதிட்டான். நீங்க ஒரு தரம் படிச்சுப் பாத்திருக்கலாம் சார்.”

டிவி இருண்டது.

“ஓடிட்டான்,” என்றான் மணிவேல். “ஸ்டாப்பிங் வர்றதுக்குள்ள எறங்கிட்டான்.”

“எல்லாம் பதிவாயிருக்கு,” என்றான் சிவராம். அன்றைக்கு அவன் பேசிய முதல் வாக்கியம் அது. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னான், “அவ வேலைக்கு எழுதிப் போட்டதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல.”

மணிவேலுக்குச் சுருக்கென்றது. டிக்கெட் எடுக்காத மூஞ்சி என்று நினைத்தது, காட்டிக் கொடுத்தவனின் மூஞ்சி. பத்து வருட அனுபவத்தில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

கனகாம்பாள் மட்டும் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, “அப்போ அவர் குழந்தைகள் ஆடினதைப் பாக்கவே இல்லையா?” என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை பெங்களூரிலிருந்து வேறொரு அம்மாள் பேசினார். நடந்ததற்கு வருத்தம், பிரசாத் இனி இதில் இல்லை, பதினேழாம் பக்கத்தை எடுத்துவிடுகிறோம் என்றார். சிவராம் அனுப்பிய பதிவைக் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. ஓவியா நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். அடுத்த போன் தாட்சாயிணிக்கு.

“அடி அண்ணாமலை வரைக்கும் என்கூட வர்றீங்களா மேடம்? தனியாப் போக பயமா இருக்கு.”

மணிவேலும் கூட வந்தான். கிரிவலப் பாதையை விட்டு உள்ளே, வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக இருந்தது தமிழ்செல்வியின் வீடு. அவள் கொட்டகை வாசலில் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது, ஒல்லி, காதில் பென்சில். ஓவியாவைப் பார்த்ததும் கட்டுவதை நிறுத்தவில்லை.

ஓவியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, டான்ஸ் கிளாஸ், பிரசாத். எதையும் குறைக்கவில்லை. கடைசியில், “என்னை மன்னிச்சிடு தமிழு,” என்றாள்.

தமிழ்செல்வி கடைசித் தழையையும் கட்டி முடித்தாள்.

“வேலைக்கு எழுதிப் போட்டது நெசந்தான். எங்க வீட்ல கட்டாயப்படுத்துனாங்க. வெள்ளிக்கிழமையே கெடைச்சிடுச்சு. சனிக்கிழமை ஆடு ஓடுறதப் பாத்ததும் மனசு மாறிட்டேன். வேணாம்னு பதில் எழுதி வெச்சுட்டு, அனுப்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னுதான் திங்கக்கிழமை அவ்வளவு சீக்கிரம் வந்தேன்.”

“அந்தப் பதிலை அனுப்பிட்டியா?”

“அழிச்சிட்டேன்.”

ஓவியா எதையோ சொல்ல வாயெடுத்தாள். தமிழ்செல்வி கையை நீட்டி நிறுத்தினாள். கோபமாகக்கூட இல்லை.

“நீதான் பண்ணுனியான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, இல்லக்கான்னு சொல்லியிருப்பேன். நீங்க கேக்கவே இல்லியே.”

மணிவேலின் நாக்கு நுனியில் எப்போதும் ஒரு நக்கல் இருக்கும். அன்றைக்கு அவன் கீழே விழுந்த தழையைப் பொறுக்கி எடுத்தான். தாட்சாயிணி தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். அது முடிந்திருந்தது.

தமிழ்செல்வி தொட்டியில் கையைக் கழுவினாள். துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“ஒண்ணாந்தேதி சென்னையில சேரணும். அதுவரைக்கும் வர்றேன். மாலையைத் தின்னுட்டு எகிறும்போது ஆட்டுக்குக் காது ரெண்டும் சரியா மடங்கல. வேற யார் தொட்டாலும் கெட்டுடும்.”

ஓவியா தலையை மட்டும் ஆட்டினாள். வண்டியை எடுத்தாள்.

சந்து குண்டும் குழியுமாக இருந்தது. தமிழ்செல்வி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி குலுங்கிக் கிளம்பியபோது ஓவியாவின் தோளைப் பிடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.